ஆன்லைன் விற்பனையைக் கூட்டித் தருகிறோம் என்று வரும் ஏஜென்சிகள்: சிறு வியாபாரிகளுக்கு ஓர் எச்சரிக்கை

இணையத்தில் சிறிய அளவில் பொருள் விற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வெப்சைட்டை எங்களிடம் விட்டுவிடுங்கள், விளம்பரம், அனலிடிக்ஸ் (தளத்துக்கு வருபவர்களையும் விற்பனையையும் எண்ணும் கருவி) எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், மாதாமாதம் ரிப்போர்ட் வரும்" என்று யாராவது உங்களிடம் பேசிக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

நாங்கள் நோட்டுப் புத்தகங்களும் துணிப் பைகளும் தயாரித்து விற்கிறோம். ஆட்கள் குறைவு. பொருளைச் செய்வது, பொதி கட்டுவது, அனுப்புவது, வாடிக்கையாளருக்குப் பதில் சொல்வது என்று நேரம் போய்விடும். அதனால்தான் ஓர் ஏஜென்சியை அமர்த்தினோம். மாதச் சம்பளம் போல ஒரு தொகை, அதோடு விளம்பரச் செலவும் சேர்த்து ஒரே பில். அனலிடிக்ஸ் கணக்கு, விளம்பரக் கணக்கு எல்லாவற்றையும் அவர்களே தொடங்குவார்கள், ஒப்பந்தம் முடியும்போது எங்கள் பெயருக்கு மாற்றித் தருவார்கள் என்று எழுத்திலேயே இருந்தது.

முதல் சில மாதங்கள் ரிப்போர்ட் அழகாக வந்தது. பார்வையாளர் கூடியிருக்கிறார்கள், கன்வெர்ஷன் (வந்தவர் வாங்குவது போன்ற, நாம் விரும்பும் செயல்) கூடியிருக்கிறது, வருமானம் கூடியிருக்கிறது. ஆனால் ஆர்டர் எழுதி வைக்கும் எங்கள் பதிவேட்டில் அப்படி எதுவும் ஏறவில்லை. கேட்டபோது வந்த பதில்: "சார், அது அட்ரிபியூஷன் வித்தியாசம். எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும்."

அட்ரிபியூஷன் வித்தியாசம், அதாவது ஒரு விற்பனை எந்த வழியால் வந்தது என்று ஒவ்வொரு கருவியும் வெவ்வேறாக எழுதிக்கொள்வது, உண்மையிலேயே உள்ள ஒன்றுதான். அனலிடிக்ஸ் காட்டும் எண்ணும் கடையின் ஆர்டர் எண்ணும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. குக்கீக்குச் சம்மதம் தராதவர்கள், விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்கள் அனலிடிக்ஸில் விழமாட்டார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தக் காரணங்களால் அனலிடிக்ஸ் எண் குறைவாகத்தான் இருக்க வேண்டும். எங்களுக்கு அது கூடுதலாக இருந்தது. உங்களுக்கும் அனலிடிக்ஸில் உள்ள ஆர்டர்கள் கடையில் உள்ளதைவிட அதிகமாகத் தெரிந்தால், "வித்தியாசம்" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். ஏதோ ஒன்று இரண்டு முறை எண்ணப்படுகிறது.

இந்த வேலை தெரிந்த ஒரு நண்பரை உட்கார வைத்து ஒரு சோதனை ஆர்டர் போட்டோம். அந்த நேரத்தில் நடப்பதைக் காட்டும் ரியல்டைம் ரிப்போர்ட்டில் அந்த ஒரே ஆர்டருக்கு இரண்டு பர்ச்சேஸ் ஈவென்ட் (விற்பனை நடந்ததாக ஒரு பதிவு) விழுந்தது. ஜிஏ4 (கூகுள் அனலிடிக்ஸின் இப்போதைய பதிப்பு) நிரல் கடையின் அமைப்பில் ஒரு முறையும், டேக் மேனேஜர் (இப்படிப்பட்ட நிரல்களைத் தளத்தில் சேர்க்கும் கூகுள் கருவி) வழியாக இன்னொரு முறையும் போடப்பட்டிருந்தது. சாதாரணமாக ஆர்டர் எண்ணைச் சேர்த்து அனுப்பினால், ஒரே எண்ணில் இரண்டாவது முறை வரும் பர்ச்சேஸை ஜிஏ4 தள்ளிவிடும். அந்த எண்ணையே அனுப்பாமல் விட்டிருந்தார்கள். அதனால் வாடிக்கையாளர் "ஆர்டருக்கு நன்றி" பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தாலும் புதிய விற்பனையாகக் கணக்கில் சேர்ந்தது. ஆர்டர் எங்கே இருக்கிறது என்று பார்க்க மக்கள் அந்தப் பக்கத்துக்குத் திரும்பி வருவது சகஜம். அப்படி வந்ததெல்லாம் எங்கள் வருமானமாக ரிப்போர்ட்டில் ஏறியிருக்கிறது.

கவனக்குறைவாக இருக்கலாம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லியிருப்பேன். அடுத்துப் பார்த்தது அப்படி விட முடியாதது. ஜிஏ4-இல் எந்த ஈவென்ட்டையும் முக்கிய ஈவென்ட் என்று குறித்துக்கொள்ளலாம். 2024 வரை இதற்கே கன்வெர்ஷன் என்று பெயர். அவர்கள் ஸ்க்ரோல் ஈவென்ட்டை அப்படிக் குறித்திருந்தார்கள். ஒருவர் பக்கத்தின் 90 சதவீதம் வரை கீழே இறங்கினால் தானாக விழும் ஈவென்ட் அது. எங்கள் பொருள் பக்கங்கள் சின்னவை, இரண்டு தட்டில் கீழே போய்விடும். பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் "கன்வெர்ஷன்" ஆகிவிட்டார்கள். மாத ரிப்போர்ட்டில் பெரிய எழுத்தில் இருந்த எண் அதுதான். அதில் எவ்வளவு விற்பனை, எவ்வளவு ஸ்க்ரோல் என்று பிரித்துக் காட்டியதே இல்லை.

விளம்பரத்திலும் இதே கதை. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விளம்பரத்தில் வழக்கமான அமைப்பின்படி, விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கினாலோ, வெறுமனே பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கினாலோ அந்த விற்பனையை மெட்டா தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் விளம்பரமும் தன் வழியில் எழுதிக்கொள்ளும். இரண்டும் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. ஒரே வாடிக்கையாளர் இரண்டையும் தொட்டு வந்தால் இரண்டு இடத்திலும் அந்த ஆர்டர் இருக்கும். இவர்கள் இரண்டு எண்ணையும் கூட்டி "விளம்பரத்தால் வந்த மொத்த ஆர்டர்" என்று கொடுத்தார்கள். ஒரு மாதம் அந்தக் கூட்டுத்தொகை, கடைக்கு எல்லா வழியிலும் வந்த ஆர்டர்களைவிட அதிகமாக இருந்தது. அதை நேருக்கு நேர் காட்டியபோதும் அதே அட்ரிபியூஷன் பாட்டுதான்.

மக்கள் என்ன தேடி எங்கள் விளம்பரத்துக்கு வந்தார்கள் என்ற பட்டியலைக் கேட்டோம். பலமுறை கேட்ட பிறகு ஓர் எக்செல் கோப்பு வந்தது. பெரும்பாலான கிளிக்குகள் எங்கள் கடையின் பெயரைத் தட்டச்சு செய்து தேடியவர்களுடையவை. பெயரைச் சொல்லித் தேடுகிறவர் ஏற்கெனவே எங்களைத் தெரிந்தவர். விளம்பரம் இல்லாவிட்டாலும் தேடல் முடிவில் எங்கள் தளம்தான் மேலே வரும். போட்டியாளர் உங்கள் பெயரில் விளம்பரம் போடும்போது பதிலுக்கு நீங்களும் போட வேண்டியிருக்கலாம், அது வேறு. எங்கள் விஷயத்தில் எங்களுடைய பழைய வாடிக்கையாளரையே எங்களிடம் காசுக்கு விற்றிருக்கிறார்கள். புதிய வாடிக்கையாளருக்கான சொற்களுக்குச் செலவழித்தது மிகக் குறைவு.

அப்புறம்தான் விளம்பரத்துக்குக் கொடுத்த பணத்தில் எவ்வளவு உண்மையில் கூகுளுக்குப் போனது என்று கேட்டோம். இந்தக் கேள்விக்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிறர் சார்பாக விளம்பரம் நடத்துபவர்களுக்கென்று கூகுள் ஒரு மூன்றாம் தரப்புக் கொள்கை வைத்திருக்கிறது. அதன்படி செலவு, கிளிக், எத்தனை முறை விளம்பரம் காட்டப்பட்டது ஆகிய மூன்றையும் குறைந்தது மாதம் ஒரு முறையாவது வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி விளம்பரக் கணக்கு வைக்க வேண்டும். எங்கள் விளம்பரங்கள் வேறு பல வாடிக்கையாளர்களின் விளம்பரங்களோடு ஒரே கணக்கில் ஓடிக்கொண்டிருந்தன. "மற்றவர்களின் தகவலும் இருப்பதால் கணக்கைக் காட்ட முடியாது" என்று அவர்களே எழுத்தில் சொன்ன பிறகுதான் இது தெரிந்தது. இன்றுவரை அந்தப் பணத்துக்கு எங்களிடம் கணக்கு இல்லை. உழைத்துச் சேர்த்த பணம். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தேடலில் முதலிடம் உறுதி என்றும் சொன்னார்கள். முதலிடத்தை யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே வெளிப்படையாக எழுதி வைத்திருக்கிறது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அப்படிப் பேசுகிறவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தை நிறுத்துகிறோம் என்று கடிதம் அனுப்பினோம். அனலிடிக்ஸில் எங்களுக்கு இருந்த, பார்க்க மட்டும் முடிகிற பார்வையாளர் அனுமதியை உடனே எடுத்துவிட்டார்கள். கணக்கை மாற்றித் தர "ஒப்படைப்புக் கட்டணம்" வேண்டும் என்றார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வார்த்தை கிடையாது. ஒரு ஜிஏ4 பிராப்பர்ட்டியை (ஒரு தளத்தின் தரவு சேரும் இடம்) ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நகர்த்த அதற்கென்றே வசதி இருக்கிறது, நிர்வாகி அனுமதி உள்ளவர் செய்துவிடலாம். அதற்குப் பணம் கேட்பது பிணை வைத்துப் பேரம் பேசுவதுதான்.

நாங்கள் புதிய பிராப்பர்ட்டி தொடங்கிவிட்டோம். ஆனால் பழைய தரவை அதில் கொண்டுவந்து ஊற்ற வழியில்லை. எண்ணிக்கை ஊதியிருந்தாலும் எந்தப் பக்கத்துக்கு எந்த வழியாக ஆட்கள் வந்தார்கள் என்ற விவரம் அதில் இருந்தது. போன வருடம் இதே சமயத்தில் எந்தப் பொருளின் பக்கத்துக்கு எந்த வழியாக ஆட்கள் வந்தார்கள் என்று இனி ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. பருவத்துக்குப் பருவம் விற்பனை மாறும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய இழப்பு.

தப்பியது டொமைன். அது ஆரம்பத்திலிருந்தே எங்கள் பெயரில், எங்கள் மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அதனால் டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு வரி சேர்த்து சர்ச் கன்சோலின் (கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் கருவி) உரிமையை நாங்களே நிரூபித்துக்கொண்டோம், 16 மாதத் தேடல் விவரம் கையில் கிடைத்தது. இங்கே ஒன்று: பழைய ஏஜென்சியை அதிலிருந்து நீக்கும்போது, அவர்கள் உரிமை நிரூபிக்க வைத்த கோப்பையோ வரியையோ தளத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அதை வைத்து அவர்கள் மறுபடி உள்ளே வந்துவிடலாம். டொமைன் அவர்கள் பெயரில் இருந்திருந்தால் கடையின் முகவரியே போயிருக்கும்.

இப்போது ஏஜென்சியோடு இருப்பவர்கள் இன்றே உங்கள் அனலிடிக்ஸ் கணக்கைத் திறந்து, நிர்வாகி என்ற இடத்தில் உங்கள் மின்னஞ்சல் இருக்கிறதா என்று பாருங்கள். பார்வையாளர் என்று இருந்தால் போதாது. விளம்பரக் கணக்கை உங்கள் பெயரில், உங்கள் கார்டில் தொடங்கிவிட்டு, அவர்களுடைய மேனேஜர் கணக்கை (பல வாடிக்கையாளர்களின் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் கணக்கு) அதில் இணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விட்டுப் பிரியும்போது இணைப்பை நீங்களே துண்டிக்கலாம். நேர்மையாக வேலை செய்கிறவர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. நாங்கள் அடுத்துப் பேசிய ஒருவர், நாங்கள் கேட்கும் முன்பே இப்படித்தான் வேண்டும் என்றார்.

கூகுளின் மூன்றாம் தரப்புக் கொள்கையை ஏஜென்சி மீறியதாகக் கூகுளின் படிவத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். கணக்குக் காட்டாத விளம்பரப் பணத்தைத் திருப்பித் தரும்படி ஏஜென்சிக்கும் எழுத்தில் கேட்டிருக்கிறோம். இதுவரை இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் இல்லை. வந்ததும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.