கோடியக்கரைக்கு மகளோடு போய் வந்தேன்

சிங்கப்பூர் வந்து 14 வருஷம் ஆகிறது. பிறந்து வளர்ந்தது திருத்துறைப்பூண்டியில். என் மகள் பூநாரையைப் பார்த்ததெல்லாம் இங்கே பறவைப் பூங்காவில்தான். அது நம்ம ஊர்ப் பக்கத்தில் கோடியக்கரைச் சரணாலயத்துக்கே வரும் என்று சொன்னால் நம்பவில்லை. இந்த டிசம்பர் விடுமுறையில் நேரில் காட்டிவிடுவது என்று கிளம்பினேன்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து, வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியம்பள்ளிக்கு ரயிலில் போனோம். மீட்டர்கேஜ் தடத்தை எடுத்த பிறகு பல வருஷம் அந்தப் பக்கம் ரயிலே கிடையாது. 2023 ஏப்ரலில் அகலப்பாதையில் மறுபடி ஓட ஆரம்பித்தது. 37 கிலோமீட்டர்தான், கூட்டமும் இல்லை. ஆனால் ஓடுவது சில வேளைதான் என்பதால் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தங்குவதில்தான் சிக்கல். வேதாரண்யத்தில் ஒரு விடுதியில் இணையத்தில் பணம் கட்டி அறை எடுத்திருந்தேன். இரவு எட்டு மணிக்குப் போய் நின்றால், அப்படி ஒரு பதிவே வரவில்லை என்றார்கள். குழந்தையை வைத்துக்கொண்டு அந்த நேரத்தில் வேறு இடம் தேடுவது பெரிய பாடாகிவிட்டது. முதல் நாளே போன் போட்டு ஆளிடம் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.

மறுநாள் விடிவதற்குள் வாடகைக் கார் வந்துவிட்டது. ஓட்டிய அண்ணனுக்கு அறுபது வயதிருக்கும், கோடியக்கரைக்காரர். இந்தப் பயணம் நன்றாக அமைந்ததே அவரால்தான். சோதனைச் சாவடியில் சீட்டு வாங்கிச் சரணாலயத்துக்குள் போனதும் பாட்டை நிறுத்தினார், கொஞ்ச தூரத்தில் எஞ்சினையும் நிறுத்தினார். "தம்பி, பாப்பாவ கதவத் தொறக்க வேண்டாம்னு சொல்லுங்க. அது தலையத் தூக்கிப் பாத்துச்சுன்னா நாம அசையக் கூடாது."

புல்வெளியில் வெளிமான்கள். முறுக்குக் கொம்போடு ஒரு கிடா, முதுகு கறுப்பு, வயிறு சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. சுற்றிலும் பழுப்பு நிறத்தில் பெட்டைகள். இவற்றைக் காப்பாற்றத்தான் 1967இல் இந்தச் சரணாலயத்தையே அறிவித்தார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது மான்கள் செத்துக் கரை ஒதுங்கியதைச் சொல்லும்போது அண்ணனுக்குக் குரல் கம்மிவிட்டது. அன்றைக்கு விழுந்த மரங்கள் போக, மிச்சமிருக்கும் பாலை மரங்களைக் காட்டிக்கொண்டே வந்தார். இடத்தைப் பிடிக்கும் சீமைக் கருவேலத்தையும் காட்டினார்.

அப்புறம் சதுப்பு ஓரம். கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நீண்ட வெள்ளைக் கோடு மட்டும்தான் தெரிந்தது. அண்ணன் தன் பழைய பைனாகுலரைக் கொடுத்தார். ஒரு பக்கக் கண்ணாடி பூஞ்சை பிடித்து மங்கியிருந்தது, மறு பக்கம் தெளிவு. மகள் ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். அவ்வளவும் பூநாரை! தலையைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டுச் சேற்றை அலசிக் கொண்டிருந்தன. திடீரென்று ஒரு கூட்டம் எழும்பியதும் இறக்கைக்கு அடியில் அந்தச் சிவப்பு. "அப்பா, இதுங்க பறக்குமா!" என்றாள். பூங்காவில் பறந்து அவள் பார்த்ததே இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். நாங்கள் போன வழியில் குடிதண்ணீரோ கழிவறையோ கண்ணில் படவில்லை. பெண்களும் வயதானவர்களும் இதை யோசித்துத்தான் கிளம்ப வேண்டும். ஏடிஎம்மை நம்பாமல் வேதாரண்யத்திலேயே சில்லறையாகப் பணம் எடுத்துக்கொள்ளுங்கள். கொசு மருந்து அவசியம். நவம்பர் முதல் ஜனவரி வரை பறவைகளுக்கு நல்ல காலம், மழையும் அதே காலம்தான், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.

பறவை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு பைனாகுலர் வாடகைக்குக் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். பேசிய வாடகைக்கு மேல் நான் கொடுத்த பணத்தை அண்ணன் வாங்கவே இல்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்ப நல்ல பைனாகுலர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். உறைமேல் அண்ணன் பெயரை மகள்தான் தமிழில் எழுதியிருக்கிறாள்.