சைக்லோன் க்ளாஸ் கணக்கில் வேலை நோட்டு: மூன்று வருஷப் பயன்பாட்டுக்குப் பிறகு

மொரீசியஸில் புயல் எச்சரிக்கையை யாருக்கும் விளக்க வேண்டாம். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று வீசக்கூடும் என்றால், 36 முதல் 48 மணி நேரம் முன்னதாக க்ளாஸ் 1 எச்சரிக்கை. க்ளாஸ் 2 வந்தால் 12 மணி நேரப் பகல் வெளிச்சம் கையில் இருக்கும், க்ளாஸ் 3-இல் 6 மணி நேரம். இருட்டில் கூரைத் தகரத்தை இழுத்துக் கட்ட முடியாது, அதனால்தான் பகலை எண்ணுகிறார்கள். அன்றாட வேலைகளை எழுதி வைக்கும் இந்த நோட்டிலும் அதே கணக்குதான்.

‘அவசரம், முக்கியம்’ என்று நாலு கட்டம் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாரத்தில் எல்லா வேலையும் முதல் கட்டத்தில் வந்து குந்திக்கொள்ளும். இந்த நோட்டில் முக்கியத்துவத்தை மதிப்பிடுவதே இல்லை. வேலை செய்யக்கூடிய நேரம் எவ்வளவு பாக்கி என்பதை மட்டும் எழுதுகிறோம். திங்கள் பகல் 11 மணி கெடு, இப்போது வெள்ளி மாலை 5 என்றால் கடிகாரம் 66 மணி நேரம் காட்டும். அலுவலகக் கவுண்டர் திங்கள் காலை 9-க்குத்தான் திறக்கிறது, ஆக நிஜத்தில் இருப்பது 2 மணி நேரம். இது க்ளாஸ் 3. வார இறுதியில் நிம்மதியாக இருந்துவிட்டுத் திங்களன்று ஓடுவது இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

பாக்கி 6 மணி நேரமோ அதற்குக் குறைவோ என்றால் 3, 12 வரை 2, 48 வரை 1. அதற்கு மேல் இருப்பவை எண் இல்லாமல் கடைசிப் பக்கத்தில் கிடக்கட்டும். காலைத் தேநீரோடு ஐந்து நிமிஷத்தில் எண்களைத் திருத்திவிடலாம். ராத்திரி திருத்தினால் எல்லாமே பயமாகத் தெரியும், வேண்டாம்.

ஒரு வரி இப்படி இருக்கும்: ‘கார் இன்சூரன்ஸ், வெள்ளி 14-ஆம் தேதி, 9 மணி நேரம் பாக்கி, க்ளாஸ் 2, பழைய பாலிசியை மேஜையில் எடுத்து வை.’ கடைசித் துண்டுதான் உயிர். ‘இன்சூரன்ஸ் பார்க்கணும்’ என்று எழுதினால் மூன்று வாரமானாலும் நகராது. எந்தக் கம்பெனி, எவ்வளவு கட்டுவது என்ற முடிவுகள் அதற்குள் ஒளிந்திருக்கின்றன, கை அங்கேயே நின்றுவிடும். இரண்டு நிமிஷத்தில் கையால் செய்து முடிக்கிற அசைவை எழுத வேண்டும். மூன்று நாள் தொடர்ந்து நகர்ந்த வரி என்றால் முதல் அசைவு பெரிது என்று அர்த்தம். உடைத்து எழுதுங்கள், இல்லாவிட்டால் அடித்துவிடுங்கள்.

கெடு தாண்டியது க்ளாஸ் 4. அந்த வேலையில் கை வைக்காமல் முதலில் போன் போட்டு, அவகாசம் உண்டா, அபராதம் எவ்வளவு என்று கேட்பதே சரி. வெட்கத்தில் இன்னும் ஒரு வாரம் ஒளிந்துகொள்வதால்தான் செலவு ஏறுகிறது.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு ஸ்பிரிங் கிச்சன் டைமர், 25 நிமிஷம். முள்ளை 40-ஐத் தாண்டித் திருப்பி, பிறகு 25-க்குப் பின்னே கொண்டு வாருங்கள். நேராக வைத்தால் சில டைமர்களில் ஸ்பிரிங் சரியாக இறுகாது. டிக் டிக் சத்தம் தொல்லை என்றால் அடியில் மடித்த துண்டு. போன் டைமர் உதவாது, அணைக்கப் போன கை வாட்ஸ்அப்பில் நிற்கும்.

சறுக்கும் இடம், கெடுவே இல்லாத வேலைகள். தண்ணீர்த் தொட்டி கழுவுவது, உடற்பயிற்சி, பிள்ளைக்குத் தமிழ் எழுத்து. நாமே ஒரு போலித் தேதி போட்டால் மனசுக்குத் தெரிந்துவிடும், மதிக்காது. வெளியில் நிஜமாக இருக்கிற தேதியில் கட்டினால் ஓரளவு நகர்கிறது: தொட்டிக்கு, புயல் பருவம் தொடங்கும் நவம்பர் 1, பூஜை அறை வெள்ளையடிக்க, தைப்பூசக் காவடி விரதத்தின் முதல் நாள். உடற்பயிற்சிக்கு இந்த நோட்டு எதுவும் செய்யவில்லை, அதற்கு வேறு வழிதான் தேட வேண்டும்.

ஈரம் மிகுந்த மேட்டு நகரமான கியூர்ப்பிப் பக்கம் இருப்பவர்கள் பென்சிலில் எழுதுங்கள். அந்த ஈரத்தில் தாள் நமுத்து ஜெல் பேனா மை பரவும், 3 எது 8 எது என்று தெரியாது.