மதுரையில் ஒரு நினைவாற்றல் சிகிச்சைப் பிரிவு: எங்கள் அனுபவம்

முப்பது ஆண்டுகளாக மளிகைக் கடையில் மனக்கணக்காகவே பில் போட்டு வந்த என் அம்மா, 2021 மே மாதம் கொரோனாவிலிருந்து மீண்ட பிறகு, ஒருவர் வாங்கிய அரைக் கிலோ துவரம்பருப்பைப் பற்று நோட்டில் இரண்டு முறை எழுதத் தொடங்கினார். அந்த இரட்டை வரியைக் கண்டுபிடித்த அன்று அவர் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டார். முதலில் பார்த்த மருத்துவர் "வயசானா அப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார்; அப்போது அம்மாவுக்கு வயது 58.

பிறகு ஒரு தனியார் மருத்துவமனையின் நினைவாற்றல் பிரிவுக்குச் சென்றோம். அங்கே ஒன்றரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார்கள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள்களை வைக்கச் சொன்னார்கள். ஐந்து சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்துத் திரும்பக் கேட்டபோது அம்மாவுக்கு இரண்டுதான் நினைவுக்கு வந்தன. மதிப்பெண் 30க்கு 22. தைராய்டு, பி12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும் என்பதால், அவற்றைச் சோதித்து விலக்கிய பின்னரே வைரஸைப் பற்றிப் பேசினார்கள்.

ரசத்தின் மணமே தெரியவில்லை என்று அம்மா மூன்று மாதம் சொல்லிக்கொண்டிருந்ததை மருத்துவர் குறித்துக்கொண்டார். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வை விளக்கினார்: 785 பேரின் மூளையை இரு முறை ஸ்கேன் செய்ததில், இடையில் தொற்று கண்ட 401 பேருக்கு, வாசனையோடும் நினைவோடும் தொடர்புடைய சில பகுதிகள் மற்றவர்களைவிடச் சராசரியாக 0.2 முதல் 2 சதவீதம் வரை கூடுதலாகச் சுருங்கியிருந்தன. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவமனையில் சேராதவர்கள். இது சராசரிதான், ஒருவருடைய எதிர்காலத்தை இதை வைத்துச் சொல்ல முடியாது என்றும் தெளிவுபடுத்தினார். அந்த நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இதற்கென்று தனி மருந்து இல்லை என்று சொல்லி, மாத்திரைகளை அடுக்காமல், களைப்பு வரும் முன்பே ஓய்வெடுக்கவும் ஒரு நேரத்தில் ஒரே வேலையைச் செய்யவும் பழக்கினார்கள். கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் மட்டுமே கணக்கு எழுத வேண்டும் என்பது அவர்கள் சொன்ன யோசனைதான். ஆறு மாதத்தில் மதிப்பெண் 26 ஆனது. அதே தேர்வை மறுபடி எழுதும்போது பழக்கத்தாலும் சற்று உயரலாம் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

குறை ஒன்று உண்டு. படிவங்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருந்தன. எட்டாம் வகுப்பு வரை படித்த அம்மாவுக்காக ஒவ்வொரு கேள்வியையும் நான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. போகிறவர்கள் பழைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். நோயாளியுடன் ஒரே வீட்டில் இருப்பவரே உடன் செல்வது நல்லது, ஏனெனில் அவரிடமும் தனியாக அரை மணி நேரம் விசாரிக்கிறார்கள்.