அயித்தைக்கு வயசு வாங்கிக் குடுத்த கடை (5க்கு 4 ஸ்டார்)

காரைக்குடி கல்லுக்கட்டி பக்கம் இருக்க இந்த ஆன்லைன் சர்வீஸ் கடைக்கு நான் ரிவ்யூ போட காரணமே எங்க அயித்தைதான். முதியோர் பென்ஷனுக்கு 60 முடிஞ்சிருக்கணும், அயித்தை ஆதார்ல 01-01-1967னு இருக்கு, அப்ப 58தான் ஆகுதுன்னு ஒரு ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க. அயித்தை பிறந்தது விளம்பி வருஷம் ஐப்பசி, அதாவது 1958. அந்த விளம்பியே 60 வருஷம் சுத்தி 2018ல திரும்ப வந்துருச்சு, ஊர்க்கணக்குல அப்பவே அறுபது ஆச்சு, ஆதாருக்கு மட்டும் அப்ப வரைக்கும் ஆகல!

2012ல ஆதார் கேம்ப்ல வயசு என்னம்மான்னு கேட்டப்ப அயித்தை ஒரு குத்துமதிப்பா நாப்பத்தஞ்சுன்னு சொல்லியிருக்கு, அவங்களும் அதைக் கழிச்சு ஜனவரி 1னு போட்டு விட்டாங்க. இது அயித்தை மட்டும் பண்ணுறது இல்லங்க. நான் காலேஜ்ல படிச்ச டெமோகிராபி (மக்கள்தொகைப் படிப்பு) பேப்பர்ல விப்பிள் குறியீடுன்னு ஒண்ணு வரும், 23ல இருந்து 62 வயசு வரைக்கும் 0லயும் 5லயும் முடியுற வயசை எவ்வளவு பேர் சொல்றாங்கன்னு பாக்குற கணக்கு, 100 வந்தா ஜனங்க வயசை சரியா சொல்றாங்க, 500 வந்தா அத்தனை பேரும் ரவுண்டா சொல்றாங்கன்னு அர்த்தம். படிக்கிறப்ப வெறும் நம்பரா தெரிஞ்சது, இப்ப அயித்தை மாசாமாசம் பென்ஷன் 1,200 ரூபா இல்லாம நிக்கிறப்பதான் உறைச்சுது.

ஏற்கனவே வேற ஒரு இடத்துல 500 ரூபா வாங்கிட்டு ஒண்ணுமே பண்ணல. இந்தக் கடைத் தம்பி அயித்தை டிரங்குப் பெட்டியில இருந்து எடுத்துட்டு வந்த சாதக நோட்டைப் பொறுமையா படிச்சுட்டு, இதை ஆதார் ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க அயித்தை, ஆனா இதுல தேதி இருக்குல்ல, அதை வச்சு மாநகராட்சியோட பழைய பிறப்புப் பதிவேட்டுல தேடச் சொல்லலாம்னு மனு எழுதிக் குடுத்துச்சு. ஆதார் கார்டை வயசுக்கான சான்றா எடுத்துக்க முடியாதுன்னு 2024 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்குன்னும் அந்தத் தம்பிதான் சொல்லுச்சு. இருந்தும் எல்லா ஆபீஸ்லயும் முதல்ல ஆதாரைத்தான கேக்குறாங்க, எனக்கு அதுல ரொம்ப வருத்தம்.

பதிவேட்டுல பேரோடயே இருந்துச்சுங்க! அந்தக் காலத்துல நிறைய பேருக்கு வெறும் 'பெண்'னு மட்டும்தான் எழுதியிருப்பாங்களாம். அந்த சர்டிபிகேட்டை வச்சு ஆதார் சென்டர்ல தேதி மாத்தி, பென்ஷனுக்கும் திரும்ப எழுதிப் போட்டாச்சு. எல்லாத்துக்கும் சேத்து 250 ரூபாதான் வாங்குச்சு, ரசீதும் குடுத்துச்சு.

ஒரு ஸ்டார் குறைச்சது எதுக்குன்னா கடை வாசப்படி ரொம்ப உசரம், பிடிக்க கம்பி இல்ல, வர்றவங்க பாதிப்பேர் வயசானவங்க, உக்காரவும் ரெண்டே சேர்தான். திங்கக்கிழமை சந்தைக் கூட்டம் இருக்கும், மத்த நாள்ல மதியம் 2 மணிக்கு மேல கூட்டிட்டுப் போங்க, வீட்டுல சாதக நோட்டு இருந்தா அதையும் மறக்காம எடுத்துட்டுப் போங்க.