முதல் மாத்திரைக்கு முன்னால்: புப்ரினார்ஃபினா, மெத்தடோனா, நால்ட்ரெக்சோனா?

ஓப்பியாய்டு (ஹெராயின், சில வலி மாத்திரைகள் போன்ற அபின் வகைப் போதை) பழக்கத்துக்கு மருந்து ஆரம்பிக்கலாம் என்றதும் எல்லோரும் "எது நல்ல மருந்து?" என்றுதான் கேட்கிறார்கள். கடைசியாகப் போதை போட்டு எத்தனை மணி நேரம் ஆச்சு என்பதை முதலில் பாருங்கள்.

புப்ரினார்ஃபின் நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரை. அளவு கூடினாலும் ஒரு எல்லைக்கு மேல் மூச்சை அமுக்காது, பெரிய நிம்மதி அது. ஆனால் ஹெராயினோ டாபென்டடால் என்ற வலி மாத்திரையோ உடம்பில் மிச்சமிருக்கும்போது போட்டால், அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும், போதை சட்டென்று அறுந்த வேதனை வந்துவிடும். என் சித்தப்பா மகன், டாக்டர் திட்டுவாரோ என்று பயந்து, ராத்திரி போட்டதை மறைத்து "நேத்து காலையில" என்று சொல்லிவிட்டான். மாத்திரை கரைந்து ஒரு மணி நேரத்துக்குள் சட்டை முழுக்க வியர்வை, கையெல்லாம் மயிர்க்கூச்சு, வாந்தி, "எனக்கு இந்த மருந்தே வேணாம்" என்று அழுகை. குற்றம் மருந்தில் இல்லை, நேரத்தில். ஹெராயின் என்றால் 12 மணி நேரமாவது, மெத்தடோனிலிருந்து மாறுவதென்றால் 24 முதல் 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும், அப்போதும் கொட்டாவி, மூக்கு ஒழுகல், விரிந்த கண்மணி என்று போதை இறங்கிய அறிகுறிகள் தெரிகிறதா என்று டாக்டர் பார்த்த பிறகுதான் முதலில் 2 அல்லது 4 மில்லிகிராம்.

மெத்தடோனுக்கு இந்தக் காத்திருப்பு வேண்டாம், ஆபத்து வேறு பக்கமிருந்து வரும். இன்று குடித்த மருந்து நாளைக்கும் உடம்பில் பாதி கிடக்கும், நாளுக்கு நாள் சேரும். "பத்தல" என்று அவசரப்பட்டு ஏற்றினால் மூன்றாம் நாள், நான்காம் நாள் தூக்கத்திலேயே மூச்சு குறைந்துவிடலாம். கூடவே சாராயமோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் இன்னும் மோசம். அதனால் 30 மில்லிகிராமுக்குள் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர்களுக்கு ஈசிஜியும் பார்ப்பார்கள்.

நால்ட்ரெக்சோன் ஓப்பியாய்டின் வேலையைத் தடுக்கும் மருந்து, போதையே தராது என்பதால் குடும்பத்தாருக்குப் பிடிக்கும். ஆனால் 7 முதல் 10 நாள் ஓப்பியாய்டே இல்லாமல் இருந்தால்தான் தொடங்க முடியும், பலர் அங்கேயே விழுந்துவிடுகிறார்கள். அப்புறம் இதை நிறுத்திவிட்டுப் பழைய அளவையே திரும்பப் போட்டால், தாங்கும் சக்தி போயிருக்கும், உயிரே போகும்.

என்னைக் கேட்டால் பெரும்பாலோருக்கு புப்ரினார்ஃபின். அது ஒத்துக்கொள்ளவில்லை, ஏக்கம் அடங்கவில்லை என்றால் மெத்தடோன். கர்ப்பிணிகளுக்கும் இந்த இரண்டில் ஒன்றுதான் தருவார்கள், சட்டென்று நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் இந்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணான 14446க்கு அழைக்கலாம், கட்டணம் கிடையாது. கூடப் போகிறவர்கள் கடைசியாகப் போட்ட நேரத்தை வீட்டிலேயே கேட்டு ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கேட்கும்போது மட்டும் கோபப்படாதீர்கள்.