லேப்டாப் ஃபேன் இரைச்சல்: கூலிங் பேடா, கழற்றிச் சுத்தம் செய்வதா?

ஏழெட்டு வருடம் ஓடிய லேப்டாப் பிரவுசரைத் திறந்த உடனேயே இரைய ஆரம்பித்தால், ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். கூலிங் பேட் வாங்கு, செட்டிங்கில் ப்ராசஸரின் வேகத்தைக் குறை, கழற்றித் தூசி எடுத்துத் தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) மாற்று, ஃபேனையே மாற்று, இல்லையென்றால் புதுசு வாங்கு. என்னுடையது இன்டெல்லின் எட்டாம் தலைமுறை ஐ5-8250யூ ப்ராசஸர் உள்ள மெஷின். நான் கழற்றிச் சுத்தம் செய்யும் வழிக்குத்தான் போனேன், இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

செலவு செய்வதற்கு முன் சத்தத்தைக் கவனியுங்கள். ‘உஸ்’ என்று காற்றுச் சத்தம் மட்டும் வந்தால் ஃபேன் நன்றாகத்தான் இருக்கிறது, சூடு தாங்காமல் வேகமாகச் சுற்றுகிறது. கரகரவென்று உரசும் சத்தம் வந்து, லேப்டாப்பைச் சாய்த்தால் அது மாறினால் பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்போது பேஸ்ட், பேட் எதுவும் உதவாது. ஃபேனில் ஒட்டியிருக்கும் பார்ட் நம்பரைப் பார்த்துப் புதுசு வாங்கிப் போட வேண்டியதுதான். டாஸ்க் மேனேஜரையும் ஒருமுறை திறந்து பாருங்கள். சும்மா இருக்கும்போதே ஏதாவது ஒரு புரோகிராம் ப்ராசஸரைத் தின்றுகொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள்.

கூலிங் பேட் வாங்குவது சுலபம். ஆனால் ப்ராசஸரின் சூடு செம்புக் குழாய் வழியாகப் போய், காற்று வெளியேறும் ஓரத்தில் உள்ள மெல்லிய உலோகத் தகடுகளில்தான் இறங்குகிறது. பேட் ஊதுவது அடிப்பக்கத்தில். அங்கே காற்று இழுக்கும் துளைகள் இருந்தால் கொஞ்சம் பலன் உண்டு. உள்ளே தகடுகள் அடைத்துக் கிடந்தால் கீழிருந்து எவ்வளவு ஊதினாலும் சூடு வெளியே போக வழியில்லை, பழைய இரைச்சலோடு பேடின் இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். லேப்டாப்பின் பின்பக்கத்தை ஒரு அங்குலம் தூக்கி வைத்தாலே அந்தப் பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது.

செட்டிங் வழி இதைவிட நல்லது, அதுவும் இலவசம். விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் ‘மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்’ என்பதை 100-லிருந்து 99 ஆக்கினால் டர்போ, அதாவது தேவைப்படும்போது ப்ராசஸர் தானே வேகத்தை ஏற்றிக்கொள்வது, நின்றுவிடும். 8250யூ டர்போவில் 3.4 கிகாஹெர்ட்ஸ் வரை போகும், அடிப்படை வேகம் 1.6 தான். டைப் செய்யவும் வீடியோ பார்க்கவும் இது போதும், பெரிய எக்ஸெல் ஃபைல் திறக்கும்போதுதான் மந்தம் தெரியும். சில மாடல்களில் இந்த வரியே மறைந்திருக்கும். ப்ராசஸருக்குப் போகும் வோல்டேஜைக் குறைத்துச் சூட்டைக் குறைக்கும் வித்தையை நம்பி உட்கார வேண்டாம். 2019-ல் பிளண்டர்வோல்ட் என்ற இன்டெல் ப்ராசஸர் பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு, பல மாடல்களில் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் மூலம் அதைப் பூட்டிவிட்டார்கள்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். அடிமூடியைக் கழற்றியதும் பேட்டரி கனெக்டரைப் பிடுங்கிவிட வேண்டும். பேட்டரி உப்பியிருந்தால் மேற்கொண்டு எதையும் தொடாமல் முதலில் அதை மாற்றுங்கள். ஃபேனின் திருகுகளை எடுத்துத் தூக்கினால், ஃபேனுக்கும் தகடுகளுக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போலத் தூசி படிந்திருக்கும். என்னுடையதில் அது விரலால் பிடித்து இழுத்ததும் ஒரே பட்டையாக உரிந்து வந்தது. வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் இது வராது, கொஞ்சம் உள்ளே நகர்ந்துவிட்டு மறுபடி வந்து அடைக்கும். கடையில் கொடுத்தாலும் ‘ஃபேனைத் தனியாகக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள்’ என்று சொல்லிக் கொடுங்கள். காற்று அடிக்கும்போது இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்வது நல்லது. அதிவேகத்தில் சுற்றவிட்டால் பேரிங் கெடும்.

பேஸ்ட் மாற்ற ஹீட்சிங்கையும், அதாவது ப்ராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் செம்புக் குழாய்ப் பகுதியையும், எடுக்க வேண்டும். திருகுகளின் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் இருந்தால், அந்த வரிசையிலேயே சிறிது சிறிதாக இறுக்குங்கள். காய்ந்த பேஸ்ட்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஆர்க்டிக் எம்எக்ஸ்-4 போல மின்சாரம் கடத்தாத பேஸ்ட்டைத் தடவலாம். பக்கத்துச் சிப்களில் ஒட்டியிருக்கும் மெத்தென்ற தெர்மல் பேடுகளைக் கிழித்துவிடக் கூடாது. சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளிக்குப் பேஸ்ட் ஈடாகாது.

எனக்கு இந்த வழியைத் தீர்மானித்துக் கொடுத்தது பராமரிப்புதான். தூசி எடுப்பதும் பேஸ்ட் மாற்றுவதும் இரண்டு தனி வேலைகள். ஃபேனுக்குத் தனித் திருகு உள்ள மாடல்களில், ஹீட்சிங்கைத் தொடாமலே தூசியை எடுத்துவிடலாம். கையில் ஒரு திருப்புளியும் தூரிகையும் இருந்தால் போதும், காசு செலவில்லை. ஜன்னல் திறந்தே கிடக்கும் வீட்டில், அதுவும் மெத்தை மேல் வைத்து வேலை செய்தால், வருடத்துக்கு ஒருமுறை இது தேவைப்படும். மேசையிலேயே இருக்கும் மெஷின் இன்னும் நாள் தாங்கும். பேஸ்ட்டை அவ்வளவு சீக்கிரம் தொட வேண்டாம். ஆனால் சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து அது ஓரத்துக்குப் பிதுங்கும், நடுவில் மெலிந்துபோகும். தூசி இல்லாமலே இரைச்சல் திரும்பினால் பேஸ்ட்டின் முறை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பேஸ்ட்டுக்குப் பதிலாக வைக்கும், சூட்டில் இளகிப் பரவும் பிடிஎம்7950 தாள் இந்தப் பிதுங்கலை நன்றாகத் தாங்கும் என்கிறார்கள். நான் இன்னும் போட்டுப் பார்க்காததால் சிபாரிசு செய்யவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு சுத்தம் செய்தாலும் லேப்டாப் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. சித்திரை வெயிலில் மத்தியானம் ஃபேன் ஓடத்தான் செய்யும். அந்த நேரத்துக்கு மட்டும் நான் 99 செட்டிங்கையும் சேர்த்துக்கொள்கிறேன்.

புது லேப்டாப் பற்றிச் சுருக்கமாக: 2020-ல் வந்த எம்1 மேக்புக் ஏர் முதல் அந்த வரிசையில் ஃபேனே கிடையாது, எனவே இந்தத் தொல்லையும் இல்லை. பழைய மெஷினில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் அல்லது அதற்கும் முந்தையது என்றால் கணக்கு மாறும். சில விதிவிலக்குகள் தவிர அவற்றுக்கு விண்டோஸ் 11 முறைப்படி கிடையாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. லினக்ஸ் போடும் எண்ணம் இல்லையென்றால், அப்படிப்பட்ட மெஷினுக்குத் தூசி மட்டும் எடுத்துவிட்டு, புது ஃபேனுக்கான காசை நான் மிச்சம் பிடிப்பேன்.