29சி: முப்பது வருடப் பழக்கம்

பெரம்பூர்–பெசன்ட் நகர் 29சி-யில் நான் முதலில் ஏறியது 1994-ல், கல்லூரியில் சேர்ந்தபோது. இறங்குவது அடையாறில். படிப்பு முடிந்து வேலையும் அந்தப் பக்கமே அமைந்துவிட, பஸ்ஸை மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை.

வீட்டில் இன்னும் "பி.டி.சி. பஸ்" என்றுதான் சொல்வோம். 1947-ல் அரசு 30 பஸ்களோடு சென்னையில் தொடங்கிய சேவை, 1972 ஜனவரி 1 அன்று பல்லவன் போக்குவரத்துக் கழகம் ஆனது. நான் கல்லூரிக்காக பாஸ் எடுத்த அதே 1994-ல் அதில் ஒரு பகுதியைப் பிரித்து, டாக்டர் அம்பேத்கர் பெயரில் தனிக் கழகமாக்கினார்கள். 1997-ல் மாநிலம் முழுக்க போக்குவரத்துக் கழகங்களுக்கு இருந்த தலைவர்கள், மன்னர்கள் பெயர்களை எடுத்தபோது பல்லவனும் போய்விட்டார். 2001-ல் இரண்டும் மறுபடி ஒன்று சேர்ந்து மாநகர் போக்குவரத்துக் கழகம். இத்தனை நடந்தும், நிறுத்தத்தில் யாரும் கழகத்தின் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "இருபத்தொன்பது சி போயிடுச்சா?" அவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களுக்கு இங்கே விளங்காத விஷயம் ஒன்று உண்டு: நம் கண்டக்டர் பெரும்பாலும் எழுந்து வரமாட்டார். பின்படி பக்கத்து சீட்டிலேயே உட்கார்ந்திருப்பார். காசுதான் அவரிடம் போகும். "அடையாறு ஒண்ணு" என்று சொல்லி நோட்டை நீட்டினால் முன்னால் நிற்கும் அம்மா வாங்கி, அவர் பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன், அப்புறம் யாரோ ஒருவரின் வளையல் கை... ஐந்தாறு கை தாண்டிப் போய், டிக்கெட்டும் மீதிச் சில்லறையும் அதே வழியில் திரும்பும். முப்பது வருஷத்தில் என் காசு ஒரு தடவைகூடத் தொலைந்ததில்லை. தொலைந்ததெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் கண்டக்டர் எழுதிக் கொடுத்த பாக்கிதான். அது இறங்கும்போது கேட்க மறந்த என் தப்பு.

குறைந்தபட்சக் கட்டணம் 2011-ல் இரண்டு ரூபாயிலிருந்து மூன்றானது, 2018-ல் ஐந்து. 18ஏ-யில் மாடி பஸ் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாமலே தாம்பரம் வரை போய் வருவேன், மேல்தட்டு முன்சீட்டுக்காக. 2008-க்குப் பிறகு அதுவும் இல்லை. இப்போது வந்திருக்கும் தாழ்தள பஸ்கள் என் முழங்காலுக்குப் பிடித்திருக்கின்றன. நிறுத்தத்தில் வண்டியே கொஞ்சம் சாய்ந்து கொடுக்கிறது. கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏற வேண்டியதில்லை.

2021 மே முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இருந்தாலும் சீட்டு வாங்க வேண்டும். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் "ஒரு லேடீஸ்" என்று குரல் கொடுப்பேன். வெறும் குரல்தான் பின்னால் போகிறது. சீட்டு மட்டும் பழையபடி கைமாறிக் கைமாறி வந்து சேர்கிறது.